உடைக்காதவர் வயிற்றில் ஐந்து துளைகள்

உடைக்காதவர் என்ற பெயர் பெரியக்காவின் காதில் முதன்முதலில் விழுந்தபோது அவள் கணுக்கால் மூழ்கும் சோப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அது அவள் வேலை பார்த்த, ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடம். சாக்கடை வாய் அடைத்துக்கொண்டு, ஆறு இயந்திரங்களும் கக்கிய தண்ணீர் போக வழியில்லாமல் தரையெல்லாம் நுரையாக ஏறிக்கொண்டிருந்தது. கட்டட மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, தரையை உடைத்தால்தான் ஆகும், நாலு நாள் ஆகும் என்று போனில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். அப்போது கொதிகலன் பார்க்கிறவர் படியிலிருந்தே கத்தினார்.

“சார், தரையில கை வச்சிராதீங்க. உடைக்காதவரக் கூப்பிடுங்க!”

“யாருய்யா அது? பேரே இல்லையா அவருக்கு?”

“இருக்கும் சார். யாரு கேட்டா?”

ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள், இடுப்பில் கனத்த வார், அதில் ஸ்பேனர்களும் குறடுகளும் வரிசையாகத் தொங்கின. தோளில் பாம்பு மாதிரிச் சுருட்டிய நீளக் கம்பி. அதன் நுனியில் கண்ணு மாதிரி ஒரு சின்னக் கேமரா, மறு நுனியில் உள்ளங்கை அகலத் திரை. டைல்ஸை உடைத்துக் குழாயைத் தேடுகிறவனெல்லாம் குழாய்க்காரனே இல்லை என்பது அவர் கொள்கை. இருக்கிற வாய் வழியாகவே கம்பியை விட்டு, திரையைப் பார்த்துப் பார்த்து அடைப்பை எடுத்துவிடுவார். அன்றைக்கு அப்படி வெளியே வந்தவை நோயாளிகளின் பதினொரு காலுறைகள். ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார்.

“அக்கா, இதுல ஜோடி ஏதாவது சேருதா பாருங்க.”

ஒன்றுகூடச் சேரவில்லை. அக்கா என்று அன்றைக்குக் கூப்பிட்டவர்தான், பிறகு உறவே ஆகிவிட்டபோதும் அதை மாற்றவில்லை. எப்படி உறவு என்றால், பெரியக்காவின் தங்கை சின்னவள் அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி மேஜையில் வேலை பார்த்தாள். அடைப்பு எடுத்த பிறகு அடைப்பே இல்லாத குழாயைச் சோதிக்க அவர் மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை வந்து நின்றது இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில், அங்கே குழாயே கிடையாது. பெரியக்காவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து எட்டாவது மாதத்தில் கல்யாணம். அவர்களுக்குப் பிறந்த ஒரே மகள் இப்போது வேறு ஊரில் கணக்கு டீச்சர். அவளுக்கு அப்பாவின் மூக்கு, அம்மாவின் பிடிவாதம். அதை விடுங்கள்.

இருபத்து மூன்று வருஷம் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியக்கா தங்கை வீட்டுக்குப் போவாள். சும்மா உட்காரத் தெரியாதவள், போன இடத்திலும் கொடியில் கிடக்கிற துணியை எடுத்து மடித்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், தனியாக ஒரு கயிறு கட்டி அவருடைய உள்ளாடைகள் மூன்று காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்துப் பிழியாத மனுஷன் தன் துணியைத் தானே துவைத்திருக்கிறார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில் தேய்ந்துபோன திட்டு. முப்பத்தோரு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் துணியைத் துவைத்த கைக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. யாரோ ரத்தத்தை வெந்நீரில் துவைத்திருக்கிறார்கள். வெந்நீர் பட்டால் ரத்தம் நூலோடு ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில்தான் போகும். சலவைக்கூடத்தில் முதல் நாள் வேலைக்குச் சேருகிறவளுக்கே இது தெரியும்.

துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வேலைச் சாமான் வைத்திருக்கிற பின்கொட்டகைக்குப் போனாள். அவர் எதையோ மராமத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, எத்தன நாளா நடக்குது இது?”

“எது அக்கா?”

“இந்த வெந்நீர் வேலை.”

சுருட்டலைப் பார்த்ததும் அவர் முகம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

“அஞ்சு மாசமா. மூலம்தான் அக்கா. குந்திக் குந்தி வேலை பாக்கறதால வர்றது. எல்லாக் குழாய்க்காரனுக்கும் வரும்.”

“மூலம்னு யாரு பாத்துச் சொன்னா?”

“நான்தான்.”

“எப்படிப் பாத்தீங்க? கழுத்து அவ்வளவு வளையுமா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியக்கா சிரிக்கவில்லை.

“ஊரார் வீட்டுக் குழாய்ல கேமரா விடாம ஒரு வார்த்த பேச மாட்டீங்க. உங்க குழாய்க்கு மட்டும் மனக்கணக்கா? நாளைக்குக் காலைல என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. இல்லன்னா இதை இப்பவே சின்னவகிட்டக் கொண்டுபோய்க் காட்டுவேன்.”

சின்னவளுக்குப் பயந்துதான் வந்தார். கேன்சர் பயமெல்லாம் பிற்பாடுதான்.

பின்வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கிற சோதனை. லேசான மயக்கம்தான் கொடுத்தார்கள். அந்த அரை மயக்கத்திலும் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, “மெதுவா விடுங்க டாக்டர், முன்னாடி வளைவு வருது” என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாராம். சோதித்தவர் பிறகு பெரியக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் கண்டது சிரிக்கிற விஷயம் இல்லை. மலக்குடலின் அடியில், ஆசனவாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு கட்டி. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. வேறு எங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொன்னதுதான் ஒரே ஆறுதல்.

அந்தச் சேதியைக் கேட்ட அன்று சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் கொட்டகைக்குப் போய்ப் பெட்டியிலிருந்த வாஷர்களையெல்லாம் கொட்டி, அளவுவாரியாகப் பொழுது சாயும்வரை பிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மறுநாளே பெரியக்கா எழுந்துவிட்டாள். எந்த டாக்டரிடம் போவது என்று வீட்டில் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அவள் கையை அமர்த்தினாள்.

“எனக்குத் தெரியும். கறையில்லாத டாக்டரம்மா.”

அந்தப் பெயர் சலவைக்கூடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தியேட்டர் துணி மூட்டை மூட்டையாகக் கீழே வரும். பிரித்துப் பார்க்காமலே, கையில் தூக்கிப் பார்த்தே, மேலே யார் ஆபரேஷன் செய்தார் என்று அங்கிருக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அடிக்குடல் ஆபரேஷன் என்றால் வயிற்றை மேலிருந்து கீழ்வரை திறப்பார்கள். இரண்டு வண்டி நிறையத் துணி வரும், தூக்கினால் கனக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அதே ஆபரேஷனுக்கு ஒரே ஒரு மூட்டை வந்தது, அதிலும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் கறை இல்லை. ஆபரேஷன் பாதியில் நின்றுவிட்டதோ என்று பயந்து மேலே போன் போட்டார்கள். “அதெல்லாம் நல்லா முடிஞ்சுது. துளை போட்டுப் பண்றாங்க” என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்த டாக்டருக்குக் கீழ்த்தளத்தில் அந்தப் பெயர். முகத்தை யாரும் பார்த்ததில்லை.

முப்பத்தோரு வருஷத்தில் முதல்தடவையாகப் பெரியக்கா, அவரையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு, மூன்றாம் மாடிக்கு நோயாளியின் உறவாக ஏறினாள். டாக்டரம்மா குட்டையாக, மூக்குக் கண்ணாடியோடு, பேப்பர் கோப்பையில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார். பெரியக்கா விஷயத்தைச் சொன்னதும் டீயை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“எனக்கு இப்படி ஒரு பட்டம் இருக்கறதே தெரியாதும்மா. ஆனா துணியைப் பாத்து மட்டும் டாக்டரைப் பிடிக்கக் கூடாது. எத்தன பேருக்குப் பண்ணியிருக்கே, எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கணும்.”

“சரி. எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீங்க? எப்படி முடிஞ்சுது?”

இருநூறுக்கு மேல் என்றார். நன்றாக முடிந்ததையும் சொன்னார், முடியாததையும் மறைக்காமல் சொன்னார். அது பெரியக்காவுக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒரு தாளை எடுத்து இடுப்பெலும்பைப் படமாக வரைந்தார்.

“இது ஒரு குறுகலான கிண்ணம் மாதிரி. கட்டி அதோட அடியில இருக்கு. வயித்துல அஞ்சு சின்னத் துளை போடுவோம். காற்றை விட்டு வயித்தை உப்ப வைப்போம். ஒரு துளையில கேமரா, மத்ததுல நீளமான கருவிங்க. கட்டியையும் அதைச் சுத்தின கொழுப்பையும் உறையோட கிழியாம, முழுசா எடுக்கணும். வெளிய கொண்டுவர மட்டும் அடிவயித்துல நாலு விரல் அகலத்துல ஒரு கீறல்.”

உடைக்காதவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உடைக்காம.”

“உடைக்காம. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். உள்ள போனப்புறம் வழியில்லன்னா திறக்கத்தான் வேணும். அது தோல்வி இல்ல.”

“நானும் கஸ்டமர்கிட்ட இதையேதான் சொல்வேன் டாக்டர். சத்தியம் பண்றவனை வீட்டுக்குள்ள விடாதீங்கம்பேன். கேமரா எத்தன மில்லிமீட்டர்?”

“பத்து.”

“என்னோடது பன்னிரண்டு. நீங்க ஜெயிச்சிட்டீங்க.”

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. டாக்டரம்மா பேனாவைத் தாளின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோனதும்தான் சிக்கல் வந்தது. கட்டிக்கும் ஆசனவாயை மூடித் திறக்கிற தசைக்கும் நடுவில் இடம் போதவில்லை. முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சும் மாத்திரையும், பிறகு இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்பது. கட்டி சுருங்கி இடம் கிடைத்தால் மேலே இருக்கிற குடலைக் கீழே இழுத்து இணைக்கலாம். இணைத்த இடம் ஆறும்வரை மட்டும் சில வாரத்துக்குக் குடலை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே எடுத்து, மலம் சேர ஒரு பை. இடம் கிடைக்காவிட்டால் கீழ்வாசலை நிரந்தரமாக மூடிவிட்டு, வாழ்நாள் முழுக்கப் பை.

“வாசல் போகும்னா எனக்கு ஆபரேஷனே வேணாம்” என்றார் அவர். பட்டென்று சொல்லிவிட்டு எழுந்தேவிட்டார். ஒருத்தர் வீட்டுச் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது பை பிய்த்துக்கொண்டால் என்ன ஆவது, அதற்கப்புறம் யார் கூப்பிடுவார்கள் என்பதுதான் அவருக்கு. வேலை இல்லாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பையோடு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் திரும்பினாள்.

“ஏங்க, இருபத்து மூணு வருஷமா நான் என்ன உங்க வாசலோடயா குடும்பம் நடத்துனேன்? உக்காருங்க பேசாம.”

டாக்டரம்மா முகத்தைக் கோப்புக்குள் மறைத்துக்கொண்டார். உடைக்காதவர் உட்கார்ந்துவிட்டார்.

கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் என்று இருபத்தைந்து தடவை போனார். கடைசி இரண்டு வாரம் எரிச்சலும் கழிப்பறைக்கு ஓட்டமுமாகப் பாடாய்ப் படுத்திவிட்டது. அந்த ஓட்டத்திலும் கை சும்மா இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் போகாத கழிப்பறை கிடையாது, போன இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் மூன்றைச் சரிசெய்தும் வைத்தார். மேற்பார்வையாளர் கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்தார், நோயாளி வேலை பார்க்கக் கூடாதாம்.

“நான் வேல பாக்கல சார். வரிசையில நிக்கறப்போ சொட்டுச் சொட்டுன்னு விழற சத்தம் தாங்கல.”

இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. தசையை விட்டுக் கொஞ்சம் மேலே ஒதுங்கியும் இருந்தது. வழி தெரிகிறது, ஆனால் உள்ளே போய்ப் பார்த்துத்தான் கடைசி வார்த்தை என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில், பை பார்க்கிற நர்ஸம்மா வந்தார். வாட்டசாட்டமான பெண், குரலும் அதற்குத் தக்கபடி. பை வைக்க வேண்டி வந்தால் எங்கே என்று முன்கூட்டியே குறிக்க வேண்டும். படுக்க வைத்து, உட்கார வைத்து, வயிற்று மடிப்பைப் பார்த்து, வலது பக்கம் ஒரு புள்ளி, நிரந்தரமென்றால் இடது பக்கம் ஒரு புள்ளி என்று மார்க்கரால் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மதியம் பார்வையாளர் நேரத்தில் பெரியக்கா வந்தபோது உடைக்காதவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாயில் மார்க்கரின் மூடி, ஒரு கையில் அளவு டேப். சட்டையைத் தூக்கி மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் வயிற்றை அளந்துகொண்டிருந்தார். நர்ஸம்மா போட்ட வலது புள்ளிக்கு இரண்டு அங்குலம் மேலே, பளிச்சென்று ஒரு வட்டம். வட்டத்துக்கு நடுவில் கூட்டல் குறி, பக்கத்தில் ஓர் அம்பு. புதுச் சுவரில் குழாய்க்குத் துளை போட வேண்டிய இடத்தில் அவர் வழக்கமாகப் போடுகிற குறிதான்.

“மாப்ள! என்ன காரியம் பண்றீங்க?”

“அந்தம்மா போட்ட இடம் தப்பு அக்கா. என் வார் சரியா அங்கதான் அழுத்தும். நாலு கிலோ இரும்பு தொங்கும். நான் திருத்திட்டேன்.”

“உங்க வயித்துக்கு நீங்களே பிளான் போடறீங்களா?”

“என் வயிறுதானே?”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நர்ஸம்மா வந்துவிட்டார். வட்டத்தையும் கூட்டல் குறியையும் அம்பையும் ஒரு முறை பார்த்தார். உடைக்காதவர் கையிலிருந்த மார்க்கரையும் பார்த்தார்.

“அது என்ன மார்க்கர்?”

“பைப்ல எழுதற மார்க்கர்ங்க. தண்ணியில போகாது.”

“தண்ணியில போகாது.” நர்ஸம்மா இதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, “பதினேழு வருஷ சர்வீஸ்ல, நான் போட்ட புள்ளியத் திருத்தின முதல் ஆளு நீங்கதான்யா! நாளைக்கு டாக்டர் எதைப் பாத்து வெட்டுவாங்க? அம்பு காட்ற பக்கமா?” என்றார். நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர் தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று கெஞ்சினார்.

ஆனால் நர்ஸம்மா திட்டி முடித்தபின் செய்ததுதான் விஷயம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இடுப்பு வாரப் பத்தி காலைலயே ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலயே.”

“கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான். அந்த வாரு எங்க இருக்கு?”

சின்னவள் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தாள். நோயாளி உடுப்புக்கு மேல் வாரைக் கட்டிக்கொண்டு, ஸ்பேனரும் குறடும் தொங்க, வார்டில் இருந்த கைகழுவும் தொட்டிக்கு அடியில் அவர் குந்தினார், மல்லாந்து படுத்தார், ஒருக்களித்தார், எட்டி எட்டி இல்லாத திருகைத் திருகினார். நர்ஸம்மாவும் தரையில் மண்டியிட்டு அவர் வயிற்றை உற்றுப் பார்த்தார். அவர் போட்ட வட்டம் குந்தும்போது மடிப்புக்குள் மறைந்துபோனது. பை அங்கே ஒட்டவே ஒட்டாது. நர்ஸம்மாவின் புள்ளியோ வாருக்கு அடியில் நசுங்கியது. இரண்டுக்கும் பொதுவாக, தொப்புளுக்குப் பக்கவாட்டில், மடிப்பும் இல்லாத வாரும் தொடாத ஓர் இடத்தை இருவருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். இடது பக்கத்துக்கும் அதே மாதிரி. பழைய குறிகளை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. தோல் சிவந்து, அம்பு மட்டும் லேசாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

“இப்ப வாரும் கட்டலாம், பையும் வைக்கலாம். நிரந்தரமாவே வந்தாலும் நீங்க வேலைக்குப் போவீங்க. நான் எழுதித் தர்றேன்” என்றார் நர்ஸம்மா. டாக்டரம்மா அத்தனை சொல்லியும் ஏறாதது, தரையில் முழங்கால் வலிக்க மண்டியிட்ட இந்தப் பெண் சொன்னபோது அவருக்குள் ஏறியது. வாசல் போனாலும் ஆபரேஷன் நடக்கட்டும் என்று அன்றைக்குத்தான் மனசாரக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். சின்னவள் தியேட்டர் வாசலில் உட்கார்ந்தாள். பெரியக்கா உட்காரவில்லை. நேராகச் சலவைக்கூடத்துக்குப் போய் வேலையில் நின்றுகொண்டாள். கதவு திறந்து டாக்டர் வந்து சொல்லுமுன் துணி தனக்குச் சொல்லிவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை.

பத்து மணிக்கு ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டுக்கு வேறு தியேட்டர் துணி வந்தது. இரண்டு மணி தாண்டி மூன்றாம் மாடி மூட்டை வண்டியில் வந்தது. பெரியக்கா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தூக்கினாள். கனத்தது. ஒன்பது வருஷத்தில் அந்த டாக்டரின் மூட்டை இப்படிக் கனத்ததில்லை. நனைந்திருந்தது, ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பு. மேஜையில் போட்டுப் பிரித்தாள். பழுப்பு, தோலில் தடவுகிற மருந்து, வாடையே சொன்னது. ஈரம், உள்ளே கழுவி எடுத்த உப்புத் தண்ணீர். துணி துணியாகப் புரட்டினாள். ரத்தம் என்று பார்த்தால் மூன்று சொட்டும் ஒரு கைத்தடமும்தான். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும், லிஃப்டுக்குக்கூட நிற்காமல் மூன்றாம் மாடிவரை படியேறினாள். வயது அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

“சின்னவளே! திறக்கலடி. துளையிலயே முடிச்சிட்டாங்க!”

“டாக்டர் இன்னும் வெளிய வரலயே. உனக்கு யாரு சொன்னா?”

“துணி சொல்லுச்சு.”

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாசல்?”

அதைத் துணி சொல்லாது. பெரியக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரம் முந்தைய ஆறு மணி நேரத்தைவிட நீளமாக இருந்தது.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். முகம் சோர்ந்திருந்தது, கண் சிரித்தது. கட்டி உறையோடு முழுசாக வந்துவிட்டது. தசைக்கு மேலே வெட்ட இடம் கிடைத்தது. கீழிருந்து ஸ்டேப்ளர் விட்டுக் குடலை இணைத்தாயிற்று, இணைக்கும்போது ஸ்டேப்ளர் வெட்டி எடுத்த இரண்டு குடல் வளையமும் அறுபடாமல் முழுசாக இருந்தன, காற்றடித்துப் பார்த்ததில் ஒழுக்கு இல்லை. வலது பக்கம் தற்காலிகப் பை மட்டும்.

“வாசல் இருக்கு” என்றார் கடைசியாக, அந்த வீட்டு மொழியிலேயே.

சின்னவள் டாக்டரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடி கோணிப்போய்விட்டது.

அவர் கண் விழித்ததும் முதலில் கேட்டது, “எத்தன?” என்றுதான்.

“அஞ்சு. கீழ ஒரு சின்னக் கீறல்” என்றாள் சின்னவள். “உடைக்கல.”

“தோள்பட்டை ஏண்டி வலிக்குது? அங்கயும் துளை போட்டாங்களா?” வயிற்றில் விட்ட காற்று அப்படித்தான் தோளில் போய்க் குத்துமாம், இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்த சதையைச் சோதித்த முடிவும் வந்தது. வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை, நெறிக்கட்டிகளிலும் ஒன்றும் இல்லை.

பையோடு இருந்த பத்து வாரத்தைப் பற்றிக் கேட்டால் சின்னவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அது தன்னிஷ்டத்துக்குச் சத்தம் போடும். வீட்டுக்கு யாராவது விசாரிக்க வந்து, துக்க முகத்தோடு “எப்படி இருக்கீங்க?” என்று கேட்பார்கள். அவர் வாயைத் திறக்குமுன் பை பதில் சொல்லிவிடும். “பாருங்க, நானே பேச வேண்டியதில்ல” என்பார். முதல் வாரம் ஒரு தடவை விளிம்பு கசிந்தது. மனுஷனுக்கு அவமானத்துக்குப் பதில் ஆராய்ச்சி வந்துவிட்டது. இது வாஷர் சமாசாரம் என்றார். பையைத் தோலில் ஒட்டுகிற தகட்டில் வெட்டுகிற துளை ஒரு மில்லி பெரிதாகிவிட்டது என்று கண்டுபிடித்து, அட்டையில் அளவு அச்சு ஒன்று வெட்டி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு சொட்டு கசியவில்லை. நர்ஸம்மா அந்த அச்சைப் பார்த்துவிட்டு, புதிதாகப் பை வைத்துப் பயந்து கிடக்கிற நோயாளிகளிடம் பேச அவரை வரவழைத்தார். அவரும் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து, “வாஷர் சரியா இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க” என்று ஆரம்பிப்பார்.

பத்து வாரம் கழித்து, இணைப்பு ஆறிவிட்டதை உறுதிசெய்துகொண்டு, பையை எடுத்துக் குடலை உள்ளே தள்ளி மூடினார்கள். அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். புது இணைப்புக்கு அடக்கிவைக்கத் தெரியாது. முதல் மாதம் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை, பன்னிரண்டு தடவை ஓட்டம். நின்ற இடத்தில் நிற்க முடியாது. பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மாத்திரையுமாக மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு வருஷத்தில் நாலு தடவைக்கு வந்தது.

ஆனால் அவர் ஒரு வருஷம் வரை காத்திருக்கவில்லை. கனமானது எதையும் தூக்கக் கூடாது என்ற கெடு முடிந்த மறுவாரமே வேலைக்குக் கிளம்பிவிட்டார். பெரியக்கா வழிமறித்தாள்.

“அவசரமா வந்தா என்ன பண்ணுவீங்க, போற வீட்ல?”

“அக்கா, குழாய்க்காரன் ஒரு வீட்டுக்குள்ள போனதும் மொதல்ல என்ன கேப்பான்?”

“என்ன கேப்பான்?”

“டாய்லெட் எங்கன்னுதான கேப்பான்! கதவச் சாத்திக்கிட்டுப் பத்து நிமிஷம் உள்ள இருந்தா, என்னமா சோதிக்கறாருன்னு சந்தோஷப்படுவாங்க.”

பெரியக்காவுக்கு வந்த சிரிப்பில் மறிக்க நீட்டிய கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அவர் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம் ஆகிறது. முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்குப் போய் வருகிறார். இதுவரை ஒன்றும் இல்லை. உடைக்காதவருக்கு வயது ஐம்பத்தாறு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அதே வீட்டில்தான் சின்னவளோடு இருக்கிறார். இந்த வாரம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.